உண்ணுதல் கோளாறு: முதல் மருத்துவப் பரிசோதனையில் எதைப் பார்க்க வேண்டும், ஏன்?

உண்ணுதல் கோளாறு உள்ள ஒருவரின் ரத்தப் பரிசோதனையில் பல நேரம் எல்லா அளவுகளும் இயல்பாகவே வரும். இதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பட்டினி கிடக்கும் உடல், தசையையும் எலும்பையும் கரைத்தாவது ரத்தத்தில் உள்ள உப்புகளையும் சர்க்கரையையும் ஓர் அளவில் நிறுத்தி வைக்கப் பார்க்கும். கையிருப்பு தீரும்வரை அந்த அளவுகள் பெரிதாக அசையாது. தீர்ந்த பிறகு சரிவு வேகமாக நடக்கும். எனவே "ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை" என்பதை "உடம்புக்கு ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொள்வது இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு. பெரும் கேட்டில் கொண்டுபோய் விடும் தவறும் அதுதான்.

முதல் மருத்துவ மதிப்பீடு மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறது. இவர் உடலுக்கு இன்றைக்கே ஆபத்து இருக்கிறதா? இது உண்ணுதல் கோளாறுதானா, அல்லது வேறொரு நோய் இப்படித் தோன்றுகிறதா? வீட்டில் வைத்தே பார்க்கலாமா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா? இந்த வரிசை முக்கியம். நோய்க்குச் சரியான பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. நிமிடத்துக்கு 38 முறை மட்டுமே துடிக்கும் இதயத்துக்கு அவ்வளவு அவகாசம் கொடுக்க முடியாது.

பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்ஸியா நெர்வோசா. கட்டுப்பாடில்லாமல் நிறைய உண்பதும், பிறகு வாந்தி, பேதி மருந்து, பட்டினி, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றால் அதை ஈடுகட்ட முயல்வதும் மாறி மாறி வந்தால் புலிமியா நெர்வோசா. ஈடுகட்டும் முயற்சி இல்லாமல் கட்டுப்பாடற்ற உண்ணுதல் மட்டும் இருந்தால் பிஞ்ச் ஈட்டிங் கோளாறு. உடல் தோற்றத்தைப் பற்றிய கவலை எதுவும் இல்லாமல், உணவின் மணம், பதம், தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம் போன்ற காரணங்களால் மிகக் குறைவாக உண்பது ஆர்ஃபிட். ஒருவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் உண்டு. அதனால் முதல் நாளில் பெயரை உறுதிப்படுத்த அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

ஒல்லியாக இருந்தால்தான் நோயா?

இல்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 90 கிலோ எடை இருந்தார். ஆறு மாதத்தில் 67 கிலோவுக்கு இறங்கிவிட்டார். இப்போது அவருடைய உடல் நிறை குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., 24.6. வழக்கமான அட்டவணையில் இது "இயல்பு" என்ற கட்டத்தில் விழும். சுற்றியிருப்பவர்கள் பாராட்டவும் செய்வார்கள். ஆனால் அவர் தன் உடல் எடையில் கால் பங்குக்கும் மேல் இழந்திருக்கிறார். நாடித்துடிப்புக் குறைவு, மாதவிடாய் நின்றுபோதல், நிற்கும்போது தலைசுற்றல் என்று, எலும்பும் தோலுமாகத் தெரியும் நோயாளிக்கு வரக்கூடிய சிக்கல்கள் இவருக்கும் வரலாம். இதை அசாதாரண அனோரெக்ஸியா என்கிறார்கள். இழந்த எடை எவ்வளவு, எவ்வளவு வேகமாக இழந்தார் என்ற இரண்டையும் கேட்காமல், இன்றைய எடையை மட்டும் பார்க்கும் பரிசோதனை இவரைத் தவறவிட்டுவிடும்.

1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 ஆண்கள் தாமாக முன்வந்து, ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்று உணவில் இருந்து, எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். அவர்களுக்கு நாடி தளர்ந்தது, உடல் எப்போதும் குளிர்ந்தது, மனம் சோர்ந்தது, நினைப்பெல்லாம் உணவைச் சுற்றியே ஓடியது. அவர்களில் எவரும் எடைக்குப் பயந்து பட்டினி கிடந்தவர் அல்லர். பட்டினியே மனத்தையும் மாற்றும் என்பதற்கு இது நல்ல சான்று. பிடிவாதம், எரிச்சல், உணவைத் துண்டு துண்டாக நறுக்கி மணிக்கணக்கில் உண்பது போன்றவற்றைக் குணக்கேடு என்று நினைக்கும் குடும்பத்தாருக்கு இந்த ஒரு செய்தியை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் நடக்கும் சண்டை பாதியாவது குறையும்.

கேட்க வேண்டியவை

வளரிளம் வயதினர் என்றால் பெற்றோருடன் சேர்த்து ஒருமுறையும், தனியாக ஒருமுறையும் பேச வேண்டும். வாந்தி, பேதி மாத்திரை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றைப் பெற்றோர் முன்னிலையில் ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. பெற்றோருக்கு மட்டுமே தெரிந்தவையும் உண்டு: தட்டில் மிச்சம் வைப்பது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போவது, குடும்பத்தோடு உட்கார்ந்து உண்பதை நிறுத்தியது. இரண்டு தரப்பையும் கேட்டால்தான் படம் முழுமையாகும்.

எடையின் வரலாற்றை எண்களாகவே கேட்க வேண்டும். இதுவரை இருந்த அதிகபட்ச எடை எவ்வளவு, எப்போது? குறைந்தபட்சம் எவ்வளவு? கடைசி மூன்று மாதத்தில் எவ்வளவு மாறியது? பிறகு, "நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள்?" என்று ஒரு முழு நாளை வரிசையாகச் சொல்லச் செய்ய வேண்டும். "நல்லா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ம்" என்ற பதில்தான் வரும். ஒரு நாளின் கணக்கைக் கேட்கும்போதுதான், இரண்டு வேளை வெறும் காபியும் ஒரு வேளை வெள்ளரிக்காயும் என்பது வெளியே வரும். தண்ணீரின் அளவையும் கேட்க வேண்டும். மிகக் குறைவாகக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள், பசியை அடக்க லிட்டர் கணக்கில் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம்.

வாந்தி பற்றி நேராகக் கேட்கலாம்: "சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்க வைத்துக்கொள்வது பலருக்கு இருக்கும் பிரச்சினை. உங்களுக்கு உண்டா? ஒரு வாரத்தில் எத்தனை முறை?" கேள்வியில் பழி இல்லாவிட்டால் பதிலில் மறைப்பும் குறையும். இதே தொனியில் பேதி மாத்திரை, சிறுநீர் பெருக்கும் மாத்திரை, எடை குறைக்கும் மாத்திரை, தைராய்டு மாத்திரை, எனர்ஜி பானங்கள், காபியின் அளவு ஆகியவற்றையும் கேட்க வேண்டும். டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவரானால், இன்சுலினைக் குறைத்துப் போடுகிறாரா என்று கட்டாயம் கேட்க வேண்டும். எடையைக் குறைப்பதற்காக இன்சுலினைத் தவிர்ப்பது, ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தில் கொண்டுபோய் விடும், கண்ணும் சிறுநீரகமும் சீக்கிரமே கெடும். காரணம் புரியாமல் ஹெச்பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) ஏறிக்கொண்டே போகும் இளம் வயது நோயாளியிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது பெரிய குறை.

உடற்பயிற்சியில் எத்தனை நிமிடம் என்பதோடு, "காய்ச்சல் வந்த நாளில் நிறுத்திவிடுவீர்களா?" என்றும் கேளுங்கள். நிறுத்த முடியாது என்ற பதில்தான் நமக்கு அதிகம் சொல்கிறது.

மாதவிடாய் கடைசியாக எப்போது வந்தது என்பது எளிய கேள்விதான், அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை எடுப்பவருக்கு மாதாமாதம் ரத்தப்போக்கு வரும். அது மாத்திரையால் வருவது, உடலின் சொந்தச் சுழற்சி நின்றுபோயிருந்தாலும் வரும். இன்னொரு பக்கம், மாதவிடாய் சரியாக வருகிறது என்பதற்காக அனோரெக்ஸியா இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, 2013இல் வெளியான டி.எஸ்.எம். 5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் வரையறையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆண்களிடம் பாலியல் ஆர்வக் குறைவு, தசை ஏற்றும் பொருள்கள், ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றைக் கேட்க வேண்டும். இது பெண்களின் நோய் என்ற எண்ணத்தாலேயே ஆண்களிடம் இந்த நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

மயக்கம் போட்டு விழுந்தது, நெஞ்சு படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாந்தியில் ரத்தம் ஆகிய ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். கடைசியாக, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, வாழ விருப்பமில்லாமை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. அனோரெக்ஸியாவில் நேரும் மரணங்களில் கணிசமான பங்கு தற்கொலை. ஆகவே இந்தக் கேள்வி இல்லாமல் மருத்துவ மதிப்பீடு முடிவதில்லை.

நேரமே இல்லாத புறநோயாளர் பிரிவில் ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விகள் கைகொடுக்கும். 1999இல் வெளியானவை. வயிறு தாங்க முடியாமல் நிறைந்ததாகத் தோன்றி வாந்தி எடுக்க வைத்துக்கொள்கிறீர்களா? எவ்வளவு உண்கிறோம் என்பதில் கட்டுப்பாட்டை இழந்துவிட்டதாகக் கவலை உண்டா? மூன்று மாதத்தில் சுமார் 6 கிலோவுக்கு மேல் இழந்தீர்களா? மற்றவர்கள் ஒல்லி என்று சொன்னாலும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா? உணவே உங்கள் வாழ்க்கையை ஆள்கிறது என்பீர்களா? இரண்டு அல்லது அதற்கு மேல் "ஆம்" என்றால் விரிவாகப் பார்க்க வேண்டும். இது சல்லடை மட்டுமே. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொன்னவரின் நாடி 42 இருந்தால், நாடியை நம்புங்கள்.

எடை பார்ப்பதில் உள்ள கவனம்

சிறுநீர் கழித்த பிறகு, செருப்பில்லாமல், மருத்துவமனையின் மெல்லிய அங்கியில் எடை பார்க்க வேண்டும். அடுத்தடுத்த முறையும் அதே எடைக்கருவி, அதே உடை, முடிந்தால் அதே நேரம். பயத்தின் காரணமாக எடையைக் கூட்டிக் காட்ட முயல்பவர்கள் உண்டு என்பதால்தான் இந்த ஒழுங்கு. எண்ணைப் பார்த்துப் பதறக்கூடியவர் என்றால், கருவியில் முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் குறித்துக்கொள்ளலாம். அதே நேரத்தில் எடுத்த சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.010க்குக் கீழே இருந்தால் நிறையத் தண்ணீர் குடித்திருக்கலாம். அப்போது எடையை அப்படியே நம்பாமல் ரத்த சோடியத்தையும் பார்க்க வேண்டும்.

18 வயதுக்குக் கீழே பெரியவர்களின் பி.எம்.ஐ. அட்டவணையைப் பயன்படுத்தக் கூடாது. அந்த வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய நடு பி.எம்.ஐ. எவ்வளவோ, அதில் இவர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். 160 செ.மீ. உயரம், 41 கிலோ என்றால் பி.எம்.ஐ. 16. அந்த வயதுக்கு நடு மதிப்பு 20 என்று வைத்துக்கொண்டால் 80 விழுக்காடு. இதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் பழைய வளர்ச்சிப் பதிவுகளைத் தேடி எடுங்கள். சிறுவயதிலிருந்தே சற்றுப் பருமனான உடல்வாகோடு வளர்ந்த பிள்ளை, இந்த வயதில் இயல்பாக 23இல் இருந்திருக்க வேண்டும் என்றால், இன்றைய 16 அதில் 70 விழுக்காடுதான். வளரும் வயதில் எடை குறையவில்லை, ஏறாமல் நின்றுவிட்டது என்பதும் இழப்புதான். உயரம் ஏறுவது நின்றதும், பருவமடைவது தள்ளிப்போனதும் அந்தப் பதிவில்தான் தெரியும்.

படுத்து ஒரு முறை, நின்று ஒரு முறை

இந்த மதிப்பீடு முழுவதிலும் அதிக பலன் தருவது, ஒரு கடிகாரத்தையும் ரத்த அழுத்தக் கருவியையும் கொண்டு செய்யும் ஒரு சோதனை. நோயாளியை ஐந்து நிமிடம் பேசாமல் படுக்க வைத்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் எடுக்க வேண்டும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, இரண்டு முதல் மூன்று நிமிடம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். பரபரப்பான பிரிவுகளில் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். உள்ளே நடந்து வந்து உட்கார்ந்தவுடன் எடுத்த நாடி 72 என்று வரும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். அதே நபருக்குப் படுத்த நிலையில் 41 இருக்கலாம்.

ஏன் குறைகிறது? உணவு வராதபோது உடல் செலவைச் சுருக்குகிறது. இதயத் தசையும் மெலிகிறது, இதயத்தைத் தளர்த்தும் நரம்பின் கை ஓங்குகிறது. விழித்திருக்கும்போது 50க்குக் கீழே, தூக்கத்தில் 45க்குக் கீழே என்றால் வளரிளம் வயதினரை மருத்துவமனையில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். பெரியவர்களிலும் 50க்குக் கீழே எச்சரிக்கை, 40க்குக் கீழே அவசரம். நின்றதும் நாடி பெரியவர்களில் 30க்கு மேல், வளரிளம் வயதினரில் 40க்கு மேல் ஏறி அப்படியே நீடித்தாலோ, மேல் ரத்த அழுத்தம் 20 மி.மீ.க்கு மேல் அல்லது கீழ் அழுத்தம் 10 மி.மீ.க்கு மேல் இறங்கினாலோ, உடலின் ரத்த ஓட்டக் கட்டுப்பாடு தடுமாறுகிறது என்று பொருள்.

"விளையாட்டு வீரர், அதனால்தான் நாடி குறைவு" என்ற விளக்கத்தை அடிக்கடி கேட்கலாம். ஓடிப் பயிற்சி பெற்ற இதயமும் ஓய்வில் மெதுவாகத்தான் துடிக்கும். பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. அறைக்குள்ளேயே சில முறை நடக்கச் சொல்லி உடனே நாடி பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற இதயத்துக்கு இந்த நடை ஒரு பொருட்டே இல்லை, துடிப்பு கொஞ்சம்தான் ஏறும். பட்டினியால் மெலிந்த இதயம் இந்தச் சிறு வேலைக்கே பெரிதாகத் துள்ளும். எடை இழப்பும் மாதவிடாய் நிறுத்தமும் சேர்ந்திருந்தால், வீரர் என்ற விளக்கத்தை ஏற்கவே வேண்டாம்.

வெப்பநிலையையும் விடக் கூடாது. 35.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் உடல் சூடு உண்டாக்கும் திறனையே இழந்துகொண்டிருக்கிறது. காய்ச்சலைத் தேடியே பழகியதால், குறைந்த வெப்பநிலையை எழுதிவிட்டு யாரும் கவனிக்காமல் போவது வழக்கம். இப்படிப்பட்டவருக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் காட்டாமல் போகலாம் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

உடலில் தெரியும் தடயங்கள்

கைகளிலிருந்து தொடங்கலாம். விரல்கள் நீலம் பாரித்துச் சில்லென்று இருக்கும். உள்ளங்கை மஞ்சளாக இருந்து கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அது காமாலை இல்லை, காய்கறிகளில் உள்ள கரோட்டின் என்ற நிறமி தேங்கியது. புறங்கையில் விரல் முட்டிகளின் மேல் தழும்போ காய்ப்போ இருந்தால், வாந்திக்காக விரலை விடும்போது பல் பட்டு வந்ததாக இருக்கலாம். புலிமியா நெர்வோசாவை 1979இல் விவரித்த ஜெரால்டு ரசல் பெயரால் இதை ரசல் அடையாளம் என்கிறார்கள். இது இல்லை என்பதால் வாந்தி இல்லை என்று சொல்ல முடியாது, பலர் விரலைப் பயன்படுத்துவதே இல்லை.

வாயைத் திறந்து மேல் முன்பற்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். வயிற்று அமிலம் எனாமலை அரிப்பது அங்கேதான் முதலில் தெரியும். காதுக்குக் கீழே தாடையோரம் வலியில்லாத வீக்கம் இருந்தால் அது உமிழ்நீர்ச் சுரப்பி. வாந்தியை நிறுத்திய சில நாள்களில் இந்த வீக்கம் இன்னும் கூடலாம். முகம் பருத்துவிட்டது என்று நினைத்து நோயாளி மறுபடி வாந்திக்குத் திரும்பும் ஆபத்து இருப்பதால், இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

முதுகிலும் கையிலும் பூனைமுடி, தலைமுடி உதிர்வு, முதுகெலும்பின் மேல் தரையில் உரசிய காயம், கால் வீக்கம், மலம் தேங்கிய வயிறு என்று தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். அங்கியைத் தேவையான இடத்தில் மட்டும் விலக்கி, ஒவ்வொன்றையும் ஏன் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே பார்ப்பது மரியாதை. தன் உடலையே வெறுப்பவரிடம் அந்த மரியாதை சிகிச்சையின் பகுதி. "இவ்வளவு எலும்பா இருக்கியே", "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்ற இரண்டு வாக்கியங்களும் கேடு செய்யும். முதலாவதை நோய் வெற்றியாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவதை, இன்னும் இளைக்க வேண்டும் என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

தசை வலுவை அளக்க இரண்டு அசைவுகள் போதும். தரையில் மல்லாந்து படுத்தவர் கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். குந்தி உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ வேண்டும். சிரமமில்லாமல் செய்தால் 3, கை ஊன்றாமல் ஆனால் திணறிச் செய்தால் 2, கை ஊன்றினால்தான் முடியும் என்றால் 1, முடியவே இல்லை என்றால் 0. முன்பு 3 வாங்கியவர் 1க்கு இறங்கினால், எடை மாறாவிட்டாலும் நிலைமை மோசமாகிறது.

ஈ.சி.ஜி.யும் ரத்தமும் சொல்வதும் சொல்லாததும்

ஈ.சி.ஜி. எல்லோருக்கும் எடுக்க வேண்டும். துடிப்பின் வேகத்தோடு, க்யூ.டி. இடைவெளியையும் பார்க்க வேண்டும்; அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்னளவில் இயங்கி மீள எடுக்கும் நேரம், துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்தப்பட்டது. 450 மில்லிசெகண்டைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும், 500ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்தான தாளக்கேடு வரும் வாய்ப்பு கூடுகிறது. பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் குறைவது ஒரு காரணம். மருந்து இன்னொரு காரணம்: வாந்தியை நிறுத்தத் தரும் ஆன்டன்செட்ரான், மனச்சோர்வுக்குத் தரும் சிடாலோபிராம், சில ஆன்டிபயாடிக்குகள். என்னென்ன மருந்து எடுக்கிறார் என்ற பட்டியலை ஈ.சி.ஜி. தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்ல பழக்கம்.

ரத்தத்தில் முழு ரத்த எண்ணிக்கை, சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், யூரியா, கிரியாட்டினின், சர்க்கரை, கால்சியம், மெக்னீசியம், பாஸ்பரஸ், கல்லீரல் சோதனைகள், டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் கையிருப்பு), பி12, வைட்டமின் டி ஆகியவை அடிப்படை. கருவுறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. பாஸ்பரஸும் மெக்னீசியமும் வழக்கமான உப்புச் சோதனைத் தொகுப்பில் பெரும்பாலும் இருக்காது, தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

பொட்டாசியமும் குளோரைடும் குறைந்து பைகார்பனேட் ஏறியிருந்தால் அடிக்கடி வாந்தி எடுக்கிறார் என்பது ஏறக்குறைய உறுதி. பேதி மருந்தால் வந்த கடும் வயிற்றுப்போக்கில் பொட்டாசியத்தோடு பைகார்பனேட்டும் குறையலாம். பொட்டாசியம் கொடுத்தும் ஏறவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பாருங்கள், அது சரியாகாமல் இது நிற்காது. ஆனால் தினமும் வாந்தி எடுப்பவருக்கும் பொட்டாசியம் இயல்பாக இருக்கலாம். அளவு இயல்பு என்பதை வைத்து "இவர் வாந்தி எடுக்கவில்லை" என்று தீர்ப்பெழுதக் கூடாது.

தவறாகப் படிக்கப்படும் எண்கள் சில உண்டு. சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின், தசையிலிருந்து வருவது. தசை கரைந்தவருக்கு அது மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே அவருக்கு "இயல்பு" என்று வரும் கிரியாட்டினின், சிறுநீரகம் திணறுவதை மறைத்துக்கொண்டிருக்கலாம். கொலஸ்ட்ரால் பட்டினியிலேயே ஏறும். அதைப் பார்த்துவிட்டு "எண்ணெய், கொழுப்பைக் குறையுங்கள்" என்று சொல்வது நோயின் கையில் ஆயுதம் கொடுப்பது. உணவு சீரானால் அது தானாக இறங்கும். தைராய்டு ஹார்மோனான டி3 (T3) குறைந்திருப்பது உடல் செலவைச் சுருக்கும் வழி. தைராய்டு நோய் இல்லாமல் இதற்கு மாத்திரை கொடுத்தால் எடை இன்னும் இறங்கும், இதயத்துக்கும் சுமை. கணையமும் உமிழ்நீர்ச் சுரப்பியும் சுரக்கும் அமிலேஸ் ஏறி, கணைய நொதியான லிப்பேஸ் இயல்பாக இருந்தால் கணையத்தைச் சந்தேகிக்கும் முன் உமிழ்நீர்ச் சுரப்பியை நினையுங்கள்.

அனோரெக்ஸியாவில் ரத்தப் புரதமான அல்புமின் பெரும்பாலும் இயல்பாகவும், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். குறைவாகவும் இருக்கும். அல்புமின் குறைந்து ஈ.எஸ்.ஆர். ஏறியிருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும் என்று அர்த்தம்: குடல் அழற்சி நோய், காசநோய், மறைந்த தொற்று, புற்று. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், மிகைத் தைராய்டு, புதிதாகத் தொடங்கிய சர்க்கரை நோய், அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, மூளைக்கட்டி ஆகியவையும் எடையைக் குறைக்கும். வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறையாமல் ஏறியிருந்தால் அட்ரினலை நினையுங்கள். இந்த நோய்களில் ஒன்று இருப்பதால் உண்ணுதல் கோளாறு இல்லை என்றாகாது, இரண்டும் ஒரே நபரிடம் சேர்ந்தும் இருக்கும்.

மாதவிடாய் நின்று ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாம். இது அவசரம் இல்லை. எலும்பைக் காக்க என்று கருத்தடை மாத்திரை எழுதுவதால் பலன் தெரிவதில்லை. எடை மீள்வதுதான் எலும்புக்கான மருந்து.

யாரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், சேர்த்தபின் என்ன தவறு நடக்கும்

மேலே சொன்ன நாடி, ரத்த அழுத்தம், வெப்பநிலை எல்லைகளில் எதையாவது தாண்டியவர், ஈ.சி.ஜி.யில் கோளாறு உள்ளவர். பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ் குறைந்தவர். சர்க்கரை 60 மி.கி.க்குக் கீழே இறங்கியவர். வயதுக்குரிய நடு பி.எம்.ஐ.யில் 75 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே போன வளரிளம் வயதினர், மயங்கி விழுந்தவர், உணவையும் நீரையும் முற்றிலும் மறுப்பவர், தற்கொலை எண்ணம் உள்ளவர். இவர்களில் எவரையும் "ஒரு வாரம் பார்ப்போம்" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒன்று மட்டும் இருந்தாலும் போதும், பல சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சேர்த்த முதல் நாளில் இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, ரத்த அழுத்தம் குறைவு என்று உப்புநீரை வேகமாக ஏற்றுவது. மெலிந்த இதயம் அந்தச் சுமையைத் தாங்காமல் போகலாம். நெடுநாள் வாந்தி எடுத்தவருக்கு உப்பைப் பிடித்துவைக்கும் அல்டோஸ்டிரோன் உச்சத்தில் இருப்பதால், இரண்டே நாளில் காலும் முகமும் வீங்கிவிடும். வாயால் நீர் போதுமான அளவு இறங்கினால் அதுவே நல்லது, ஏற்றியே ஆக வேண்டும் என்றால் மெதுவாக.

இரண்டு, சர்க்கரை குறைவு என்று குளுக்கோஸை மட்டும் தொடர்ந்து கொடுப்பது. நெடுநாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து உள்ளே வந்ததும் இன்சுலின் சுரக்கிறது. அது பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே கையிருப்பு இல்லாத உடலில் ரத்த அளவுகள் திடீரென விழுந்து, இதயத் தாளம் குலையும், மூச்சுத் தசை தளரும். இதுதான் ரீஃபீடிங் சிண்ட்ரோம். முதல் நாள் பாஸ்பரஸ் இயல்பாக இருந்து, மூன்றாம் நாளில் சரிவதே இதன் வழக்கம். அதனால் உணவைத் தொடங்கிய முதல் வாரம் தினமும் பார்க்க வேண்டும். பி.எம்.ஐ. 16க்குக் கீழே, 3 முதல் 6 மாதத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் எடை இழப்பு, 10 நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமை, தொடக்கத்திலேயே இந்த உப்புகள் குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆபத்துப் பட்டியலில் வைக்க வேண்டும். உணவுக்கும் குளுக்கோஸுக்கும் முன்பே தயாமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மூளை பாதிக்கப்படலாம்.

இந்தப் பயத்தில் நாள்கணக்கில் மிகக் குறைவாகவே உணவு கொடுப்பதும் தவறு. பட்டினிக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் பட்டினி தொடர்ந்தால் எடை மேலும் இறங்கும், நாடியும் மீளாது. உப்புகளைத் தினமும் அளந்துகொண்டு உணவைப் படிப்படியாக உயர்த்துவதே சரி.

வீட்டுக்கு அனுப்பப்படுபவருக்கு

சேர்க்கத் தேவையில்லாதவருக்கு அடுத்த சந்திப்பு ஒரு வாரத்துக்குள் இருக்க வேண்டும். வாந்தியோ பேதி மருந்தோ தொடர்ந்தால் அப்போதே உப்புகளை மறுபடி பார்க்க வேண்டும். நாடியும் எடையும் நிலைக்கும்வரை கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நோய் அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்கும். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கினால் அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துபோகும், தண்ணீரில் சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் போதும். மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்பட்டால் புப்ரோபியான் கூடாது. புலிமியாவிலும் அனோரெக்ஸியாவிலும் அது வலிப்பை வரவைக்கும் வாய்ப்பு அதிகம். மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், திடீர்க் கால் வீக்கம், குழப்பமான பேச்சு, ஒரு நாள் முழுக்க எதுவும் உள்ளே போகாமை, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்று நோயாளிக்கும், கூட வந்தவருக்கும் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.